புதிய கம்ப்யூட்டருக்குக் கோப்புகளையும் மெயிலையும் இழக்காமல் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய மெஷின் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் யாங்கோனில் நம் ஆட்கள் பலர் இப்போது வேறு மெஷின் வாங்குகிறார்கள். வாங்கியதும் முதல் வேலையாக டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பழையதைக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து, "அந்த மெயில் எங்கே?", "கோயில் கணக்கு ஏன் கோணல் மாணலாகத் தெரிகிறது?" என்று கேட்டு வருகிறார்கள்.

நகலெடுப்பதைக் கம்ப்யூட்டர் தானே செய்துவிடும். எது எங்கே கிடக்கிறது என்று தேடிப்பிடிப்பதை நாம்தான் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதி அதற்குத்தான். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும். பழைய மெஷினில் நிறைந்திருக்கும் அளவைவிடப் பெரியதாக வாங்குங்கள். பென் டிரைவ்கள் மூன்று நான்கை வைத்துக்கொண்டு துண்டு துண்டாக மாற்றினால், எதில் எது போனது என்ற கணக்கே தப்பிவிடும்.

டிஸ்கைக் காலியாக இருக்கும்போதே என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபேட் 32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோவும் பெரிய மெயில் கோப்பும் அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் என்டிஎஃப்எஸ் தான் செய்யும் மாற்றங்களைக் குறித்து வைத்துக்கொண்டே எழுதும். அதனால் நடுவில் கரண்ட் போனாலும் டிஸ்க் மொத்தமாகக் குழம்பிப்போகும் வாய்ப்பு குறைவு. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் நான் என்டிஎஃப்எஸ்ஸையே சொல்வேன். ஃபார்மட் செய்தால் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய மெஷின் லேப்டாப் ஆனால், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முன்னமே பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

மெயில் கணக்கோடு இணைத்திருக்கும் போன் நம்பர் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? அந்த சிம் உயிரோடு இருக்கிறதா? புதிய மெஷினில் நுழையும்போது குறியீடு அந்த நம்பருக்குத்தான் வரும். சிம் செத்திருந்தால், பழைய மெஷினில் கணக்கு திறந்திருக்கும்போதே நம்பரை மாற்றிவிடுங்கள். பழையது கைவிட்டுப் போனபிறகு மாற்றுவது பெரும் பாடு.

கடைசியாக ஒரு நோட்டும் பேனாவும். பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்தால், அதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அது வேறொரு மெஷினில் இருக்கும்.

2. எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

கடையில் விண்டோஸ் போட்டுத் தரும்போது டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். "முக்கியமானதை டி-யில் வையுங்கள்" என்றும் சொல்லி அனுப்புவார்கள். அதனால் எல்லாமே டி-யில்தான் இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை, யாரும் இடம் மாற்றியிருக்காவிட்டால், சி-யில் உங்கள் பயனர் பெயர் உள்ள ஃபோல்டருக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் தேடுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று பேர் தனித்தனிப் பெயரில் நுழைகிறவர்கள் என்றால், ஒவ்வொருவர் பெயரிலும் நுழைந்து தனியாகப் பாருங்கள்.

வைபரில் வந்தவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் வைபர் வைத்திருந்தால், வந்த படங்களும் கோப்புகளும் வழக்கமாக டாகுமெண்ட்ஸுக்குள் வைபர் டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் சேரும். டெலிகிராமில் வந்தவை டவுன்லோட்ஸுக்குள் டெலிகிராம் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் இருக்கும். அடையாள அட்டை ஸ்கேன், குடும்பப் பட்டியல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இந்த இரண்டு ஃபோல்டர்களில்தான் அதிகமாகக் கிடைக்கின்றன.

அடுத்தது ஒன்டிரைவ், அதாவது கோப்புகளை இணையத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்டின் வசதி. கோப்பின் பக்கத்தில் நீல நிற மேகக் குறி இருந்தால், அந்தக் கோப்பு உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. நெட் இல்லாத நேரத்தில் அந்த ஃபோல்டரை நகலெடுத்தால் பிழை காட்டி நிற்கும். ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைக் கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்தபிறகு நகலெடுங்கள். நம் இணைய வேகத்துக்கு இதை முதல் நாள் இரவே தொடங்கிவிடுவது நல்லது.

கணக்கு மென்பொருள், ரசீது போடும் மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் தரவு எங்கே சேர்கிறது என்று நீங்களாக ஊகிக்க வேண்டாம். மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு வசதி இருக்கும். அதை வைத்தே எடுங்கள்.

மென்பொருளை நகலெடுக்க முயல வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தூக்கிப் புதியதில் போட்டால் பெரும்பாலும் ஓடாது. என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். புதியதில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

3. பாஸ்வேர்டுகளை இப்போதே சேருங்கள்

பழைய மெஷினில் எல்லாம் தானாகத் திறந்துகொள்வதால், பாஸ்வேர்டை நாம் டைப் செய்தே வருடக்கணக்காகியிருக்கும். புதியதில் அது கேட்கும்.

குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் வைத்திருந்தால், புதியதில் அதே கணக்கில் நுழைந்ததும் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் வந்துவிடும். சிங்க் இல்லாவிட்டால் இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். குரோமின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் பாஸ்வேர்டு வராது. அந்த மெஷினின் விண்டோஸ் பயனருக்கு மட்டும் திறக்கும்படி அவை பூட்டப்பட்டிருக்கின்றன. எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பு எந்தப் பூட்டும் இல்லாத வெறும் பட்டியல். யார் திறந்தாலும் படிக்கலாம். புதியதில் ஏற்றியதும் அழித்துவிடுங்கள்.

கூகுள் கணக்கில் இரண்டு படி சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் பேக்கப் கோடுகளை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். எஸ்எம்எஸ் வராமல் தாமதிக்கும் நாளில் இதுதான் உள்ளே விடும்.

4. உங்கள் மெயில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஜிமெயிலைப் பிரவுசரில் மட்டும் பார்ப்பவரா? அப்படியானால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. மெயில் கூகுளிடம் இருக்கிறது, புதியதில் நுழைந்தால் போதும். நேராக ஆறாம் படிக்குப் போங்கள்.

தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மெயில் மென்பொருளில் பார்ப்பவர் என்றால், கணக்கு பாப் முறையா, ஐமேப் முறையா என்று பார்க்க வேண்டும். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், சர்வர் செட்டிங்ஸில் சர்வர் டைப் என்ற வரியைப் பாருங்கள். அவுட்லுக்கில் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டைப் என்று ஒரு பத்தி இருக்கும்.

ஐமேப் என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது. உங்கள் மெஷினில் இருப்பது அதன் பிரதி. பாப் என்றால் மெயில் உங்கள் மெஷினுக்கு இறங்கிவிடுகிறது. சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை என்று அமைப்பில் சொல்லாவிட்டால், அங்கிருந்து அழிந்தும் போகிறது. பாப் வைத்திருக்கும் ஒருவரின் பத்து வருட மெயில், உலகத்திலேயே அந்த ஒரு டிஸ்கில் மட்டும் இருக்கக்கூடும். கம்பெனி பெயரில் பழைய காலத்தில் மெயில் வாங்கியவர்களிடம் இந்த அமைப்பை அடிக்கடி பார்க்கிறேன்.

ஐமேப்காரர்களும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். தண்டர்பேர்டின் இடது பக்கத்தில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும். அதற்குள் இழுத்துப் போட்டதெல்லாம் உங்கள் மெஷினில் மட்டுமே இருக்கிறது. அவுட்லுக்கில் ஐமேப் கணக்கின் காலண்டரும் முகவரிகளும் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்ற குறிப்போடு இருக்கும். பெயரே சொல்வதுபோல், அவை சர்வருக்குப் போகவில்லை.

சரி, வகை தெரிந்துவிட்டது. பாப் கணக்கு என்றால் இந்த நிமிடமே ஒரு காரியம் செய்யுங்கள்: புதிய மெஷினில் மெயிலைத் திறக்காமல் இருங்கள். ஆசையாகப் புதியதில் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அன்று வந்த மெயில் அங்கே இறங்கிவிடும், பழையவை இங்கே இருக்கும். இரண்டு இடத்தில் சிதறியதைச் சேர்ப்பது தனி வேலையாகிவிடும். பழைய மெஷினிலும் கடைசியாக ஒருமுறை மெயிலை இறக்கிவிட்டு, தானாகப் புது மெயில் பார்க்கும் அமைப்புகளை நிறுத்துங்கள். வேலை முடிவதற்குள் வருகிறவை சர்வரில் காத்திருக்கட்டும்.

5. மெயிலை எடுப்பது

தண்டர்பேர்டில் மெயில், முகவரிகள், கணக்கு அமைப்பு எல்லாமே ப்ரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. அது மறைந்திருக்கும் இடத்தில் இருப்பதால் தேடி அலைய வேண்டாம். ஹெல்ப் மெனுவில் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய், ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியில் ஓப்பன் ஃபோல்டரை அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடுங்கள். மூடாமல் நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பு வந்து சேரும். அப்புறம் ஒரு படி மேலே போய், அந்த ஃபோல்டரை முழுதாக எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகலெடுங்கள்.

டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்ற வசதியும் இருக்கிறது. மெயில் அதிகம் சேர்ந்தவர்களுக்கு அது கைகொடுக்காது. ஃபோல்டரை நகலெடுப்பதே எல்லோருக்கும் பொருந்தும்.

கிளாசிக் அவுட்லுக்கில் பாப் கணக்கின் மெயில் பெரும்பாலும் பிஎஸ்டி கோப்பாக டாகுமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை நகலெடுங்கள். ஐமேப் கணக்கில் இருப்பது ஓஎஸ்டி கோப்பு. அதை நகலெடுத்துப் பயனில்லை, வேறு மெஷினில் அவுட்லுக் அதைத் திறக்காது. அங்கே ஃபைல் மெனுவில் ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட் போய், பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். காலண்டரும் முகவரிகளும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எழுத்துருக்கள்: தமிழும் பர்மியமும்

இந்தப் படி நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது.

கோயில் அழைப்பிதழ், திருவிழா வரவுசெலவு, தமிழ் வகுப்புப் பாடங்கள் என்று 15, 20 வருடமாகச் சேர்ந்தவற்றில் பாதி பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். பார்த்தவுடன் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. கெடவில்லை. எழுத்துருவை நிறுவினால் அப்படியே மீண்டு வரும்.

அதனால் பழைய மெஷினில் சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் தமிழ், பர்மிய எழுத்துருக்கள் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் தனி ஃபோல்டராகப் போடுங்கள். எது தேவை என்று தெரியாவிட்டால், முக்கியமான கோப்பு ஒன்றை வேர்டில் திறந்து எழுத்தின் மேல் கர்சரை வையுங்கள். மேலே பெயர் தெரியும்.

பர்மிய எழுத்தில் சிக்கல் வேறு மாதிரி. 2019 அக்டோபர் 1 முதல் மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்புகள் பெரும்பாலும் ஸோஜி எழுத்துருவில் இருக்கும். ஸோஜியும் யூனிகோடும் ஒரே குறியெண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. அதனால் ஸோஜியில் அடித்தது யூனிகோடு எழுத்துருவில் பர்மிய எழுத்தாகவே தெரியும், ஆனால் சுழிகள் இடம் மாறிக் கிடக்கும். இங்கேயும் எழுத்துருவை எடுத்து வைத்தால் போதும். யூனிகோடுக்கு மாற்றுவதை எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபிறகு, பிரதியில் செய்யுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளில் செய்த மலர்களையும் அழைப்பிதழ்களையும் பழைய மெஷினிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அந்த மென்பொருள் புதியதில் ஏறும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

7. நகலெடுப்பது

கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி மட்டுமே. கட் செய்யும்போது நடுவில் கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே என்று ஆகும். காப்பியில் மூலம் அப்படியே இருக்கும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுத்துப் போடவும் வேண்டாம். நோட்டில் எழுதிய பட்டியல்படி ஒவ்வொரு ஃபோல்டராக அனுப்பி, முடிந்ததும் டிக் செய்யுங்கள். மெயிலும் எழுத்துருவும் முதலில், ஆவணங்கள் அடுத்து, படமும் வீடியோவும் கடைசியில். கரண்ட் போய் வேலை நின்றாலும் மறுபடி கிடைக்காதவை முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்.

நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு 30 எம்பி அளவில் போனால் 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால் இன்னும் இழுக்கும். நீல நிறத் துளை இருந்தால் அதில் சொருகுங்கள், பெரும்பாலும் அது யுஎஸ்பி 3 ஆக இருக்கும்.

பெயர் மிக நீளம் என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். ஃபோல்டர் பெயர்களையும் சேர்த்து முழுப் பாதைக்கும் விண்டோஸ் வழக்கமாக 260 குறிகள்தான் இடம் தருகிறது. தமிழ்ப் பெயர்கள் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். 'யாங்கோன்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கம்ப்யூட்டருக்குத் துணைக்காலும் புள்ளியும் சேர்த்து எட்டுக் குறிகள். ஃபோல்டர் பெயர்களைச் சுருக்கிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

ஜிப் செய்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பழைய விண்டோஸில் தமிழ், பர்மியப் பெயருள்ள கோப்புகளை ஜிப் செய்வதில் தகராறு உண்டு. ஒரு பெரிய ஜிப் பழுதானால் உள்ளே இருப்பது மொத்தமும் சிக்கிக்கொள்ளும்.

8. போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்

மூல ஃபோல்டரிலும் பிரதியிலும் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற வரியில் உள்ள பைட் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இருப்பதை ஒப்பிட வேண்டாம், டிஸ்கைப் பொறுத்து அது மாறும்.

எண் பொருந்தினாலும் சிலவற்றைத் திறந்து பாருங்கள்: பழைய போட்டோ ஒன்று, பெரிய வீடியோ ஒன்றின் கடைசி நிமிடம், தமிழ்க் கோப்பு ஒன்று. டிஸ்கைக் கழற்றும்போது 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கடைசியாக எழுத வேண்டியது சில சமயம் இன்னும் எழுதப்படாமல் இருக்கும்.

9. புதிய மெஷினில் இறக்குவது

முதலில் விண்டோஸைப் புதுப்பியுங்கள். அப்புறம் எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சொருகி, எதையும் திறக்கும் முன் வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்டை வைக்கும் வைரஸ் பென் டிரைவ் வழியாகப் பரவுகிறது. பழைய மெஷினில் அது இருந்திருந்தால் இங்கேயும் குடியேறும். ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிய விண்டோஸ் 11 அமைத்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். நாளை போர்டு பழுதாகிக் கடைக்குப் போனால், அந்த எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.

எழுத்துருக்களை ஆவணங்களுக்கு முன்பே நிறுவுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் இன்ஸ்டால். லதா, விஜயா எழுத்துருக்கள் இல்லாவிட்டால் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேருங்கள். அழகி, என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்று எதில் தமிழ் அடிப்பவரோ, அதையும் இப்போதே நிறுவிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களை இறக்கியபின் மெயில். தண்டர்பேர்டைப் பழையதற்குச் சமமான அல்லது அதைவிடப் புதிய பதிப்பாக நிறுவுங்கள். புதிய பதிப்பின் ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது. ஒருமுறை திறந்து, கணக்கு எதுவும் போடாமல், முன்பு சொன்ன வழியில் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துவிட்டு தண்டர்பேர்டை மூடுங்கள். உள்ளே இருப்பதை அழித்து, பழைய ப்ரொஃபைலின் உள்ளடக்கத்தைப் போடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டால் வேலை செய்யாது. பலர் தவறுவது இங்கேதான். திறந்ததும் பழைய மெயில்கள் அப்படியே நிற்கும். அதன்பிறகே புது மெயிலை இறக்குங்கள்.

அவுட்லுக்கில் பாப் கணக்கு என்றால், முதலில் கணக்கைப் போட்டு, அதே அமைப்பில் 'எக்ஸிஸ்டிங் அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்று பழைய பிஎஸ்டியைக் காட்டுங்கள். அதற்கு முன் பிஎஸ்டியைப் புதிய மெஷினின் டிஸ்குக்கு நகலெடுங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்தே ஓட்ட வேண்டாம்.

முதல்முறை நுழையும்போது விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். புது மெஷின், அதுவும் வேறு நாட்டு முகவரியிலிருந்து என்றால் கூகுள் சந்தேகப்பட்டுக் கதவை அடைக்கும். வீட்டு இணைப்பில், வழக்கமான போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நுழையுங்கள்.

10. பழைய மெஷினை எப்போது விடலாம்

குறைந்தது ஒரு மாதம் அதைத் தொடாமல் வையுங்கள். பள்ளிக் கட்டணம், கடைக் கணக்கு, கோயில் ரசீது என்று மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கோப்புகளில் விடுபட்டவை அப்போதுதான் தெரியவரும்.

விற்பதாக இருந்தால், கோப்புகளை டெலீட் செய்தால் மட்டும் போதாது. மீட்கும் மென்பொருளால் அவற்றைத் திரும்ப எடுக்கலாம். செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, டிரைவையும் சுத்தம் செய் என்ற தேர்வைப் போடுங்கள். டி டிரைவும் சேர்கிறதா என்று பாருங்கள், சி-யை மட்டும் துடைப்பது அதில் ஒரு தேர்வாக இருக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். இதையும் கரண்ட் நிலையாக இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும்.

கடைசியாகப் புதிய மெஷினிலிருந்து கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் உள்ள சாதனப் பட்டியலைத் திறந்து, பழைய மெஷினை வெளியேற்றுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கில் பாஸ்வேர்டு எக்ஸ்போர்ட் கோப்பு இன்னும் இருந்தால் அதையும் அப்போதே அழித்துவிடுங்கள்.